நடுவில் காணாமல் போன கம்பி

அந்தப் பெண் கதவைத் தட்டவில்லை. தட்டக் கை காலியாக இல்லை. ஒரு கான்கிரீட் துண்டைக் கைக்குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மாடிப்படி ஏறி வந்தவள், காலால் கதவைத் தள்ளித் திறந்தாள். நேராக வந்து அதை மேசைமேல் போட்டாள். மேசையின் ஒரு கால் மடங்கியது. பேனா, கண்ணாடிக்கூடு, நேற்றைய செய்தித்தாள் எல்லாம் வரிசையாகச் சரிந்து தரைக்கு வந்தன.

மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் காபித் தம்ளரை மட்டும் உரிய நேரத்தில் கையில் எடுத்துக்கொண்டார். ஒரு வாய் குடித்தார்.

"உட்காருங்கம்மா. மேசை பழசுதான்," என்றார்.

அவரை எல்லோரும் நிதானம் என்றே கூப்பிட்டார்கள். விபத்தில் நொறுங்கிய வண்டிகளைப் பார்த்து யார்மேல் தப்பு என்று சொல்கிற வேலையை இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றில் நெடுங்காலம் செய்தவர். நொறுங்கிய பொருள் பொய் சொல்லாது, அதை ஓட்டியவர்தான் சொல்வார் என்பது அவர் அங்கே கற்றது. இப்போது ஒரு சலவைக்கடைக்கு மேலே இருக்கும் இந்த அறையில் சொந்தமாகத் துப்பறிகிறார். கீழே இஸ்திரி போட்டால் மேலே தரை சூடாகும். வாடகை குறைவு.

அவருக்கு உதவியாக இருந்தவள் அவர் மனைவியின் தங்கை. டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தவள். அவள் போட்ட சத்தத்தில் மூன்று மாணவர்கள் பிரேக்குக்குப் பதில் ஆக்ஸிலரேட்டரை மிதித்ததால் வேலை போயிற்று. பெயர் பட்டாசு. காரணம் சொல்லத் தேவையில்லை.

"யாரு உடைச்சா?" என்றாள் பட்டாசு, கான்கிரீட்டைக் காட்டி. மேசையை அவள் கண்டுகொள்ளவே இல்லை.

"அதைக் கண்டுபிடிக்கத்தானே வந்திருக்கேன்!"

இதற்குள் இன்னொரு துண்டைத் தூக்கிக்கொண்டு ஒரு மனிதர் மூச்சுவாங்க வந்து சேர்ந்தார். தரையில் மெல்ல இறக்கி வைத்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"பதினொண்ணாயிடுச்சே. ரொம்ப லேட்டா வந்துட்டோமோ?"

பட்டாசு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "ஒன்பதரைதாங்க ஆகுது."

"மறுபடியும் ஓடிடுச்சா?" என்று அவர் கையை உதறிக் காதில் வைத்துக் கேட்டார். அது சாவி கொடுக்கிற பழைய கடிகாரம்.

"ஒரு மாசமா அந்த வாட்ச்சுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு," என்றாள் வந்தவள். "நேத்து ராத்திரிச் சாப்பாட்டைச் சாயங்காலமே கேட்டாரு. விட்டா அடுத்த மாசத்துக்குப் போயி நமக்காகக் காத்துக்கிட்டு இருப்பாரு."

அவள் கான்கிரீட் பட்டறை நடத்துபவள். ஊரே அவளை அண்ணி என்று கூப்பிட்டது. அவளுடைய நாத்தனார் பக்கத்துத் தெருவிலிருந்தே "அண்ணீ!" என்று கத்திக் கூப்பிட்டு, அந்தப் பெயரை ஊருக்கே கொடுத்துவிட்டாள். அந்த நாத்தனார் பழைய டயர் கிடங்கு வைத்திருப்பவள், டயரக்கா. மூச்சுவாங்க நிற்பவர் ஒருத்திக்குக் கணவர், இன்னொருத்திக்கு அண்ணன். இருவருக்கும் நடுவில் தூது போயே காலம் கழித்ததால் நடுவர் என்று பெயர்.

"முதல்லேருந்து சொல்லுங்க," என்றார் நிதானம்.

"பழைய டயருக்குள்ளே மெல்லிசா எஃகுக் கம்பி இருக்கும் சார். டயரை அரைச்சு ரப்பரைத் தனியா, கம்பியைத் தனியாப் பிரிச்சா, தலைமுடி மாதிரி கத்தைகத்தையா வரும். அதைக் கான்கிரீட் கலவையில தூவிக் கலந்துடுவோம். சாதாரண கான்கிரீட் விரிசல் விட்டா அப்பவே ரெண்டா விழுந்துடும். இது விரிசல் விட்டாலும் விழாது. உள்ளே இருக்கிற கம்பி தையல் போட்ட மாதிரி ரெண்டு பக்கத்தையும் இழுத்துப் பிடிச்சுக்கும். எத்தனையோ பீம் ஊத்தி உடைச்சுப் பார்த்திருக்கோம். ஒண்ணுகூட விழுந்ததில்ல."

"இது?"

"பிஸ்கட் மாதிரி உடைஞ்சுது. பஸ் டிப்போவுக்குத் தரை போடற வேலை. அதிகாரி நாளைக்குக் காலையில வராரு. அவர் கண்ணு முன்னாடி பீமை மெஷின்ல வெச்சு அழுத்திக் காட்டணும். எதுக்கும் ஒண்ணை முன்னாடியே பார்த்துடலாமேன்னு நேத்து வெச்சேன். உடைஞ்சுது. நம்ப முடியாம ரெண்டாவதை வெச்சேன். அதுவும் உடைஞ்சுது."

"மூணாவது?"

"கோவத்துல வெச்சேன்."

நிதானம் தலையசைத்தார். "உங்களுக்குச் சந்தேகம் யார்மேலே?"

"சந்தேகம் என்ன சந்தேகம், அந்த டயர்க்காரிதான். கம்பி மூட்டையை எடை போட்டுத்தான் வாங்கினேன். எடை சரியா இருந்துச்சு. ஆனா பாதி ரப்பர் தூளா இருந்திருக்கும். உடைஞ்ச இடத்தைப் பாருங்க, கம்பி எங்கே இருக்கு?"

"அவ என் தங்கச்சிங்க," என்றார் நடுவர் மெல்ல.

"உங்க நாத்தனாரா?" என்றாள் பட்டாசு.

"முந்தாநாள் வரைக்கும்."

கீழே இஸ்திரிப் பெட்டி உஸ்ஸென்றது. அண்ணியின் குரல் இறங்கியது.

"டிப்போ வேலை போனாப் போவுது சார். பட்டறைக் கதவைச் சாத்திட்டு வேற ஏதாவது செய்வேன். எட்டு வருஷமா அவளும் நானும் சேர்ந்து, கையெல்லாம் கம்பி குத்தி, இதைக் கண்டுபிடிச்சோம். நேத்து நாலு பேரு முன்னாடி அவளைத் திருடின்னு சொல்லிட்டேன். சொன்னது உண்மைதானான்னு எனக்கு இன்னைக்கே தெரிஞ்சாகணும்."

நிதானம் தரையில் மண்டியிட்டு இரண்டு துண்டுகளையும் பொருத்திப் பார்த்தார். முறிந்த முகம் சாம்பல் நிறத்தில் வழவழவென்று இருந்தது. நடுவில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில கம்பிகள். பக்கவாட்டில், முறிவை ஒட்டி, உள்ளங்கை அளவுக்குத் துருக்கறை. துண்டைப் புரட்டினார். எதிர்ப்பக்கத்திலும் அதே இடத்தில் அதே அளவுக்குக் கறை. விழுந்து கிடந்த ஸ்கேலை எடுத்து பீமின் பக்கத்தில் நெடுக வைத்தார். ஒரு முடி நுழைய இடம் இல்லை.

"அழகா, நேரா ஊத்தியிருக்கீங்க," என்றார்.

"பீம் ஊத்தற அச்சு, மோல்டு, புதுசுங்க. பிளாஸ்டிக். அதிகாரி பார்க்கப் போறாரேன்னு வாங்கினேன்," என்றாள் அண்ணி.

நடுவரின் முகத்தில் லேசாக ஒரு பெருமை வந்து போயிற்று. கான்கிரீட்டைப் பார்த்துக்கொண்டிருந்த பட்டாசு அதைக் கவனிக்கவில்லை. நிதானம் கவனித்தார்.

* * *

பட்டறையில் மணல் ஒரு மூலை, ஜல்லி ஒரு மூலை, நடுவில் பெரிய வயிறுள்ள மிக்சர். அதை ஓட்டுகிறவருக்கும் பெரிய வயிறுதான். மிக்சர் மாஸ்டர் என்று பெயர். அவர்கள் போனபோது அவர் ஓர் இரும்பு அலமாரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஒரு காலைச் சுவரில் ஊன்றிக் கதவை இழுத்தார். அலமாரிதான் நகர்ந்ததே தவிர கதவு அசையவில்லை.

"பெயின்ட் அலமாரிங்க. பூட்டே கிடையாது. ஒரு மாசமாத் திறக்க மாட்டேங்குது. துரு புடிச்சுக்கிட்டுதோ என்னவோ."

"இருக்கட்டும் விடுங்க, அதுக்குள்ள என்ன பெரிசா இருக்கு," என்றார் நடுவர் அவசரமாக. "மணி ரெண்டாச்சு, சாப்பிட வேணாமா?"

"பத்தேமுக்கால்," என்றாள் பட்டாசு. பிறகு மாஸ்டரின் விரல்களைப் பார்த்தாள். எல்லாவற்றிலும் சின்னச் சின்னக் குத்தல் காயங்கள். நிதானத்தின் காதில் கிசுகிசுத்தாள். அவள் கிசுகிசுத்தால் தெருமுனைக்குக் கேட்கும். "அத்தான், கையைப் பாருங்க. இந்த ஆளுதான் கம்பியைத் திருடியிருக்காரு!"

மாஸ்டர் அண்ணியின் கையைப் பிடித்துக் காட்டினார். அதிலும் காயங்கள். நடுவர் தாமாகவே கைகளை நீட்டினார். அவற்றிலும்தான்.

"திருடி என்னம்மா பண்ணப் போறேன்? பாத்திரம் தேய்க்கவா?" என்றார் மாஸ்டர்.

"தேய்க்கலாமே!"

"நீ ஒரு நாள் தேய்ச்சுப் பாரு. அப்புறம் பாத்திரமே இருக்காது."

நிதானம் பீம் ஊற்றிய நாளைப் பற்றிக் கேட்டார். மாஸ்டர் விவரமாகச் சொன்னார். கம்பியை மொத்தமாகக் கொட்டினால் உருண்டை கட்டிக்கொள்ளும் என்பதால், மிக்சர் ஓட ஓட, சல்லடை வழியே கொஞ்சம் கொஞ்சமாகத் தூவினார். அண்ணி பக்கத்திலேயே நின்றாள். மூட்டை காலியானது. கலவையை மூன்று மோல்டிலும் நிரப்பி வைப்ரேட்டர் மேசைமேல் ஏற்றினார்கள். அந்த மேசை நடுங்கும்போது கலவைக்குள் இருக்கும் காற்றுக்குமிழி மேலே வந்துவிடும்.

"மேசையை ஓட்டினது யாரு?"

"நான் மிக்சரைக் கழுவப் போயிட்டேங்க. கலவை உள்ளே காய்ஞ்சுட்டா அப்புறம் உளிதான். அண்ணி போன் பேசப் போனாங்க. இவருதான் பார்த்துக்கறேன்னாரு."

"சுவிட்சு போடறதுதானே," என்றார் நடுவர்.

மூலையில் வெள்ளை மோல்டுகள் கழுவிக் கவிழ்த்திருந்தன. நிதானம் ஒன்றை எடுத்து நீளவாட்டுச் சுவரைக் கட்டைவிரலால் அழுத்தினார். தட்டு போல வளைந்தது. மறுபடி அழுத்தினார். மறுபடி வளைந்தது. கீழே வைத்துவிட்டார்.

"மாஸ்டர், மூணு மோல்டுல அவ்வளவு பெரிய மிக்சர் கலவையும் தீர்ந்துடாதே. மிச்சம்?"

மாஸ்டர் சிரித்தபடி வாசலைக் காட்டினார். மரநிழலில் ஒரு பெஞ்சு. ஒரு சாண் தடிமன். யானை உட்காரலாம். "மரச்சட்டத்துல ஊத்தினேன். மதியம் படுத்துக்க வசதியா இருக்கும்ல!"

நிதானம் பெரிய சுத்தியல் ஒன்றைக் கேட்டார். பட்டறையில் கிடந்த இன்னொரு உடைந்த பாதியை வெளியே இழுத்துவரச் சொல்லி, அதன் முறியாத முனையில் அடிக்கச் சொன்னார். அந்த வேலை பட்டாசுக்குக் கிடைத்தது. அவள் உலகத்தின் மேல் உள்ள கோபத்தையெல்லாம் சேர்த்து அடித்தாள். கான்கிரீட் பிளந்தது. ஆனால் துண்டு விழவில்லை. இடைவெளியில் கம்பிகள் மயிர்க்கற்றைபோல நீட்டிக்கொண்டு, இரண்டு பக்கத்தையும் பிடித்தபடி நின்றன. இன்னும் நாலு அடி அடித்தாள். அப்போதும் விழவில்லை. சுத்தியலைப் போட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

"இது நல்லாத்தான் இருக்கு அத்தான்," என்றாள் ஏமாற்றத்தோடு.

அண்ணி அந்த முனையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

* * *

டயர் கிடங்கில் கறுப்பு மலைகள். அவற்றுக்கு நடுவே, உயரமான இரும்பு நாற்காலியில், டயரக்கா ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். கண் வீங்கியிருந்தது. குரல் வீங்கவில்லை.

"எங்க அண்ணி அனுப்பினாங்களா? ரப்பர் தூள் இருக்கான்னு பார்க்கவா? வாங்க, மூக்கை விட்டே பாருங்க!"

எழுந்து போய் இயந்திரத்தை ஓட்டினாள். அரைத்த டயர் பட்டையில் ஓடி வந்தது. முனையில் ஒரு பெரிய காந்த உருளை சுழன்றது. ரப்பர் கீழே விழ, கம்பி மட்டும் உருளையோடு ஒட்டிச் சுற்றிப்போய் மறுபக்கம் விழுந்தது. நிதானம் ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் பரப்பினார். ரப்பர் பொட்டுப் பொட்டாக இருந்தது. பாதி எங்கே, பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

"உருளை புதுசு போலிருக்கே?"

"புதுசுதான். பழைய உருளையைப் பிரிச்சு அதிலிருந்த காந்தத்தை எல்லாம் கேட் பக்கத்துல வெச்சிருந்தேன், வாசல்ல சிதறுற ஆணியைப் பொறுக்க. ஒவ்வொண்ணும் செங்கல் அளவு. ஒரு மாசத்துக்கு முன்னாடி ஆறும் காணோம்! திருடின்னு என்னைச் சொல்றாங்களே, என் காந்தத்தை எடுத்தது யாரு? அவங்க பட்டறை ஆளுங்களைத் தவிர இங்கே யாரு வரா?"

"யாராரு வருவாங்க?"

"எங்கண்ணன்தான். அண்ணி எனக்குச் சாப்பாடு குடுத்தனுப்புவாங்க. தினமும்." அவள் நிறுத்தினாள். "நேத்து வரலை."

பட்டாசு முன்னால் பாய்ந்தாள். "அப்போ நீங்க வேணும்னே மட்டக் கம்பியை…"

"உங்க அண்ணி இல்லைன்னா உங்களுக்கு நஷ்டமா?" என்று குறுக்கே கேட்டார் நிதானம்.

"கம்பியை வாங்க ஊர்ல ஆயிரம் பேரு இருக்காங்க," என்றாள் டயரக்கா. மூக்கை உறிஞ்சினாள். "ஆனா சண்டை போட வேற யாரு இருக்காங்க?"

தெருவுக்கு வந்ததும் பட்டாசு பொரிந்தாள். "அத்தான், எனக்குப் புரியவே இல்லை. கம்பியை நல்லாத்தான் குடுத்திருக்காங்க. ஒழுங்காத்தான் போட்டிருக்காங்க. அப்புறம் எங்கேதான் போச்சு?"

"எங்கேயும் போகலை. தள்ளிப் போயிருக்கு."

"எப்படி?"

"முதல்ல டயரக்காவைக் கூப்பிட்டுக்கிட்டுப் பட்டறைக்கு வா. சும்மா கூப்பிட்டா அவங்க வரமாட்டாங்க. காந்தம் கிடைச்சாச்சுன்னு சொல்லு."

"கிடைச்சாச்சா?"

"இன்னும் இல்லை. ஆனா எங்கே இருக்குன்னு மாஸ்டருக்குத் தெரியும். அவருக்கே தெரியாமத் தெரியும்."

* * *

மதியம் பட்டறையில் எல்லோரும் இருந்தார்கள். அண்ணி மிக்சருக்கு இந்தப் பக்கம். டயரக்கா அந்தப் பக்கம். நடுவர் வழக்கமான இடத்தில்.

"மணி என்னங்க ஆகுது?" என்றார் நிதானம்.

நடுவர் பார்த்தார். "ஆறரை."

"வெயில் உச்சந்தலையில அடிக்குது," என்றார் மாஸ்டர்.

"சரி. இப்போ கதையைச் சொல்றேன். கம்பியைக் குறைச்சுக் குடுத்திருந்தா பீம் முழுக்கக் குறைஞ்சிருக்கணும். கலவையில சரியாத் தூவலைன்னாலும் அங்கங்கே குறைஞ்சிருக்கணும். இதுல முனையில நிறைய இருக்கு, நடுவுல மட்டும் இல்லை. மூணு பீம்லேயும் அப்படியே. நடுவுல மட்டும் குறையற மாதிரி யாராலேயும் மூட்டையில ஏமாத்த முடியாது. அதனால டயரக்காமேலே தப்பு இல்லை. மாஸ்டர்மேலேயும் இல்லை."

டயரக்கா மிக்சரைப் பார்த்துச் சொன்னாள்: "கேட்டுச்சா?" மிக்சர் பதில் சொல்லவில்லை. அண்ணியின் காது சிவந்தது.

"அப்போ மோல்டுக்குள்ளே போன பிறகுதான் ஏதோ நடந்திருக்கு. மூணு விஷயம் எனக்கு இடிச்சுது. ஒண்ணு, இந்த மோல்டு விரலால அழுத்தினாலே வளையுது. ஈரக் கலவையை ஊத்தி மேசையை நடுங்கவிட்டா வயிறு தள்ளணும். ஆனா பீம் ஸ்கேல் வெச்ச மாதிரி நேரா இருக்கு. அப்போ யாரோ நடுவுல ரெண்டு பக்கமும் முட்டுக்குடுத்திருக்காங்க. இரும்பு மேசைமேலே, நடுங்கினாலும் நகராத முட்டு எது?"

பட்டாசு வாயைத் திறந்தாள். அவர் கையைக் காட்டி அடக்கினார்.

"ரெண்டு, அந்த இடத்துல ரெண்டு பக்கமும் துருக்கறை. கம்பி ஓரத்துல வந்து கும்பலா ஒட்டிக்கிட்டா, பீம் இறுகறதுக்காகத் தண்ணித் தொட்டியில ஊறும்போது அங்கேதான் துரு ஏறும். மூணாவது, ஒரு மாசமா ஒரு கைக்கடிகாரம் தலைதெறிக்க ஓடுது. சாவி குடுக்கற கடிகாரத்துக்குள்ளே மெல்லிசா ஒரு எஃகுச் சுருள் இருக்கும். காந்தம் ஏறிட்டா அதோட வளையங்கள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். கடிகாரம் நாலு கால் பாய்ச்சல்ல ஓடும்."

எல்லோரும் நடுவரைத் திரும்பிப் பார்த்தார்கள். நடுவர் கடிகாரத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"மாஸ்டர், அந்த அலமாரியில துரு ஒண்ணும் இல்லை. கடப்பாரையைக் கொண்டு வாங்க."

மாஸ்டரும் பட்டாசும் சேர்ந்து நெம்பினார்கள். கதவு ஒரு பெரிய சத்தத்தோடு பிய்த்துக்கொண்டு திறந்தது. பட்டாசு மணல்மேட்டில் போய் விழுந்தாள். உள்ளே கதவோடும் சட்டத்தோடும் கட்டிப்பிடித்தபடி, செங்கல் அளவில், ஆறு கறுப்புக் காந்தங்கள்.

"என் காந்தம்!" என்றாள் டயரக்கா.

"ஐயோ, நான் நல்லதுக்குத்தான் பண்ணேன்!" என்றார் நடுவர். இப்போது நிறுத்த முடியவில்லை. "மோல்டு வயிறு தள்ளிச்சு. வாங்கினதே அதிகாரி பார்க்கன்னு. கோணலா இருந்தா இவ மனசு கஷ்டப்படுவாளேன்னு தங்கச்சி இடத்துலேருந்து எடுத்துட்டு வந்து பக்கத்துல நிறுத்தினேன். கும்முன்னு நின்னுச்சு. கேட்காம எடுத்ததால ஒளிச்சு வெச்சேன். திருப்பிக் குடுக்கலாம்னு பார்த்தா அலமாரி திறக்கலை. பீம் உடைஞ்சதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கும்னு எனக்கு எப்படிங்க தெரியும்?"

நிதானம் ஒரு மோல்டை வைப்ரேட்டர் மேசையில் வைத்தார். மாஸ்டர் ஒரு சட்டி தளர்ந்த கலவையைக் கம்பியோடு ஊற்றினார். இரண்டு பக்கமும் காந்தம். சுவிட்சைப் போட்டதும் மேசை நடுங்கியது. கொஞ்ச நேரத்தில், சாம்பல் கூழுக்குள் கம்பிகள் மெல்ல நகர ஆரம்பித்தன. இரண்டு ஓரத்துக்கும் போய்ச் சுவரில் முட்டிக் குத்திட்டு நின்றன. கரண்டியால் நடுவில் கீறிக் காட்டினார். வெறும் சிமென்ட்.

"ஓரத்துக்குப் போனதோட விடலை. படுத்த திசையும் மாறிடுச்சு. விரிசலைத் தாண்டிப் படுத்தாத்தான் தையல். இதெல்லாம் விரிசலோட சேர்ந்தே படுத்துடுச்சு. டயர்லேருந்து கம்பியைப் பிரிக்கிற காந்தம், கான்கிரீட்லேருந்தும் பிரிச்சிருக்கு. அதுக்கு ஒரு வேலைதான் தெரியும்."

மேசை நின்றது. அண்ணி மிக்சரைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். டயரக்காவின் முன்னால் நின்றாள்.

"பாப்பா," என்றாள்.

எட்டு வருஷமாக அவள் நாத்தனாரை அப்படித்தான் கூப்பிட்டிருந்தாள். டயரக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"திருடின்னு சொன்னீங்க."

"சொன்னேன். நாலு பேரு முன்னாடி சொன்னேன். இப்போ அஞ்சு பேரு இருக்காங்க. தப்புன்னு அவங்க முன்னாடியே சொல்றேன்."

"நேத்துச் சாப்பாடு அனுப்பலை."

"எடுத்துத்தான் வெச்சேன். அனுப்பலை. நானும் சாப்பிடலை."

டயரக்கா அழலாமா சிரிக்கலாமா என்று ஒரு கணம் பார்த்தாள். பிறகு இரண்டையும் விட்டுவிட்டு அண்ணனைப் பார்த்தாள். அண்ணியும் அதே நேரத்தில் அவரைப் பார்த்தாள்.

"ஏங்க!" என்றாள் ஒருத்தி.

"ஏண்ணே!" என்றாள் இன்னொருத்தி.

அடுத்த கால்மணி நேரம் நடுவருக்கு நல்லதாக இல்லை. ஒருத்தி மூச்சு வாங்கும்போது மற்றவள் தொடர்ந்தாள். வாக்கியங்களைக்கூடப் பங்கு போட்டுக்கொண்டார்கள். தலை குனிந்து நின்ற நடுவரின் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்ததைப் பட்டாசு பார்த்தாள். நேற்று ராத்திரி அவருக்கும் தூக்கம் இருந்திருக்காது.

"எல்லாம் சரி. நாளைக்கு எதை வெச்சுக் காட்டறது?" என்றாள் அண்ணி திடீரென்று. "புதுசா ஊத்தினா காய ஒரு மாசம் ஆகும். அதிகாரி காலையில வந்துடுவாரு."

நிதானம் வாசலைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். மாஸ்டர் கடைசியாகப் பார்த்தார். பார்த்ததும் ஓடிப்போய் பெஞ்சின்மேல் படுத்துக்கொண்டார்.

"மாட்டேன்! இதைத் தொடக் கூடாது! நான் தூங்கற இடம்!"

"அதே கலவை, அதே நாள், மரச்சட்டம், காந்தம் இல்லை," என்றார் நிதானம். "பீம் அளவுக்கு மூணு துண்டு அறுக்கலாம்."

"மாஸ்டர், இதைவிட நல்ல பெஞ்சு போட்டுத் தரோம்," என்றாள் அண்ணி.

"தலைமாட்டுல மேடு வெச்சுத் தரோம்," என்றாள் டயரக்கா.

மாஸ்டர் யோசித்தார். எழுந்து போய் அவரே கட்டிங் மெஷினைக் கொண்டுவந்தார்.

* * *

மறுநாள் காலை சோதனைக்கூடத்தில் டிப்போ அதிகாரி கைகட்டி நின்றார். அறுத்த பீமை இரண்டு தாங்கிகள்மேல் வைத்தார்கள். மேலிருந்து இயந்திரம் அழுத்த ஆரம்பித்தது. அண்ணி ஒரு கையால் டயரக்காவின் தோளைப் பிடித்திருந்தாள். டயரக்கா கண்ணை மூடிக்கொண்டு, "என்ன ஆச்சு, என்ன ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

டக்கென்று ஒரு சத்தம். பீமின் அடியில் கோடுபோல ஒரு விரிசல்.

"உடைஞ்சிடுச்சே," என்றார் அதிகாரி.

"இருங்க," என்றாள் அண்ணி.

இயந்திரம் இன்னும் அழுத்தியது. விரிசல் கொஞ்சம் அகன்றது. உள்ளே கம்பிகள் விறைத்து நின்றது தெரிந்தது. பீம் நடுவில் சற்றே தொய்ந்தது, ஆனால் விழவில்லை. இன்னும் அழுத்தியது. விழவில்லை. அதிகாரி குனிந்து அடியில் எட்டிப் பார்த்தார். கைக்கட்டு தானாக அவிழ்ந்தது.

"ஏங்க, இது எப்பதாங்க விழும்?"

"எங்க குடும்பத்து ஆளுங்க மாதிரி சார்," என்றார் நடுவர். "சத்தம் வரும். அவ்வளவுதான்."

பட்டாசு விசிலடித்தாள். சோதனைக்கூடத்தில் விசிலடிக்கக் கூடாது என்று பலகை இல்லை, இதுவரை யாரும் அடித்ததில்லை என்பதால். மாஸ்டர் அதிகாரியைக் கட்டிப்பிடித்துத் தூக்கி இறக்கினார். மற்ற இரண்டு பீம்களும் விரிசல் விட்டு, விழாமல் நின்றன. டிப்போத் தரை அவர்களுக்கே என்று அதிகாரி அங்கேயே சொல்லிவிட்டு, சட்டையைச் சரிசெய்துகொண்டு போனார்.

பீமை இயந்திரத்திலிருந்து இறக்கி வாசலில் இரண்டு கல்மேல் வைத்தார்கள். விரிசல் விட்ட அந்தப் பீமின்மேலேயே அண்ணியும் டயரக்காவும் இடித்துக்கொண்டு உட்கார்ந்து, ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டார்கள். அது இன்னும் கொஞ்சம் தொய்ந்தது. அதற்குமேல் போகவில்லை. நடுவர் நடுவில் இடம் கேட்டார். கிடைக்கவில்லை. இனி அவர் தேவைப்படவும் இல்லை.

"மணி என்னங்க?" என்று நிதானம் கேட்டார்.

நடுவர் வெறும் மணிக்கட்டைக் காட்டினார். "ரிப்பேருக்குக் குடுத்துட்டேன் சார். காந்தத்தை எடுத்துடுவாங்களாம்."

அந்த மாதக் கடைசியில் சலவைக்கடை மாடிக்கு ஒரு புதிய மேசை வந்தது. டயர்க்கம்பி போட்ட கான்கிரீட் மேசை. ஆறு பேர் தூக்கி வந்தார்கள். படிக்கட்டின் கைப்பிடி போயிற்று. சலவைக்கடைக்காரர் தன் கூரையைத் தாங்க ஒரு தூண் நட்டுக்கொண்டார். பட்டாசு மேசையை ஓங்கி ஓர் உதை உதைத்துப் பார்த்துவிட்டு, ஒரு வாரம் நொண்டினாள்.

நிதானம் காபித் தம்ளரை அதன்மேல் வைத்தார். ஆடவில்லை.

"அடுத்து வரவங்க எதை வேணும்னாலும் போடட்டும்," என்றார்.